முருங்கை மரத்தில் வந்து அமரும் வேட்டைப் பறவை: பிராந்துக் குஞ்சா, இராசாளியா, வேறேதுமா? (திருகோணமலை)

கேள்வி: உவர்மலைவாசி

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வளவுக்குள் சில வாரங்களாக ஒரு வேட்டைப் பறவை வந்து போகிறது. அது என்னவென்று வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்வதால், பறவைகளை அறிந்தவர்களிடம் கேட்பதே நல்லது என்று இங்கே எழுதுகிறேன். கைத்தொலைபேசியில் எடுத்த படங்கள் எல்லாம் வெளிச்சத்துக்கு எதிராக விழுந்து வெறும் கறுப்பு உருவமாகத் தெரிகின்றன. ஆகவே கண்ணால் கண்டதை இயன்றவரை முழுமையாக எழுதிவிடுகிறேன்.

வளவில் ஒரு மாமரமும் தென்னைகளும், கிணற்றடியில் ஒரு முருங்கையும், பின்மதிலோரம் ஒரு பெரிய வேம்பும் நிற்கின்றன. பறவை பெரும்பாலும் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னர் வருகிறது. வானத்தில் வட்டமிட்டு இறங்குவதை நான் ஒருநாளும் காணவில்லை. பின்மதிலுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ ஆளுயரத்தில், சிறகுகளை விரைவாகச் சில தடவை அடித்துவிட்டுச் சிறிது தூரம் சிறகடிக்காமல் மிதந்து, மறுபடியும் அடித்து, மரத்தை நெருங்கியதும் சட்டென்று மேலெழும்பி முருங்கையின் உட்கிளையில் அமர்ந்துகொள்கிறது. அமர்ந்த பிறகு உடல் அசைவதில்லை. தலை மட்டும் திரும்பும். அது வருவதை எங்களுக்கு முன்னரே அணில்கள் அறிந்துவிடுகின்றன. மாமரத்து அணில் வாலை உதறியபடி விடாமல் கத்தத் தொடங்க, முற்றத்தில் இரை பொறுக்கிக்கொண்டிருக்கும் புலுனிகள் கூட்டத்தோடு செவ்வரத்தைப் பற்றைக்குள் புகுந்துவிடுகின்றன.

உடலின் மேற்பக்கம் கபில நிறம். மார்பு வெள்ளை, அதன்மேல் கபில நிறத் துளிகள் மேலிருந்து கீழாக ஒழுகியது போன்ற அடையாளங்கள் இருக்கின்றன. வால் நீளமானது, குறுக்கே கரும்பட்டைகள் உண்டு. கண் மஞ்சள். கால்களும் மஞ்சள், மெலிந்து நீண்டவை, அவற்றில் இறகு இல்லை. பருமனில் மாடப்புறாவைப் போன்றது. அண்மையில் ஒருநாள் வேம்பின் அடிமரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஓணானைப் பிடித்துக்கொண்டு கிளைக்கு வந்தது. ஒரு காலால் அதைக் கிளையோடு அழுத்தி, தலைப்பக்கத்திலிருந்து கிழித்துத் தின்று, கடைசியில் வாலை முழுதாக விழுங்கியது. அந்த வால் தொண்டைக்குள் போய் முடிவதற்கு நல்ல நேரம் பிடித்தது.

இதைப் பிராந்துக் (பருந்துக்) குஞ்சு என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டு ஐயா இராசாளி என்கிறார். எங்கள் பெட்டைக்கோழி அண்மையில்தான் குஞ்சு பொரித்திருப்பதால், பறவையைக் கெற்றப்போலால் அடித்து விரட்டிவிடலாம் என்று அவருடைய மகன் முன்வந்திருக்கிறான். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. இது என்ன பறவை, குஞ்சுகளுக்கு இதனால் ஆபத்து உண்டா, உண்டென்றால் அடிக்காமல் என்ன செய்யலாம் என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்: குளக்கட்டு நோக்கர், கந்தளாய்

உவர்மலைவாசி அவர்களுக்கு, உங்கள் விவரிப்பு பல ஒளிப்படங்களைவிடப் பயனுள்ளது. பெரும்பாலானோர் நிறத்தை மட்டும் எழுதிவிட்டுப் பெயர் கேட்பார்கள். நீங்கள் பறந்த விதத்தையும் அமர்ந்த இடத்தையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முருங்கைக்கு வருவது வல்லூற்றின் இளம் பறவை என்பது என் முடிவு. தமிழ்நாட்டிலிருந்து வரும் பறவைப் பட்டியல்களில் இதையே வைரி என்று எழுதியிருப்பார்கள். இணையத்தில் தேடும்போது இரண்டு பெயர்களையும் போட்டுப் பாருங்கள்.

பிராந்துக் குஞ்சு என்ற எண்ணம் நம் ஊரில் பலருக்கும் உண்டு. கோழிக்குஞ்சும் வாத்துக்குஞ்சும் முட்டையை விட்டு வந்த நாளிலேயே நடமாடுவதால், வெளியில் திரியும் குஞ்சு சிறியதாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். பருந்து, கழுகு, வல்லூறு ஆகியவற்றின் நியதி வேறு. அவற்றின் குஞ்சு வாரக்கணக்கில் கூட்டிலேயே இருந்து தீனி வாங்கித் தின்று, ஏறத்தாழத் தாயின் பருமனை அடைந்த பிறகுதான் சிறகடித்து வெளியே வரும். நிறத்தில்தான் அது தாயினின்றும் வேறுபடும்; அளவில் பெரிதாக வேறுபடாது. செம்பருந்து அலகு முதல் வால்வரை 45 சென்ரிமீற்றருக்குக் குறையாதது. ஊர்ப்பருந்து அதனிலும் பெரியது. ஆகவே புறா அளவில் பறந்து திரிந்து தானே வேட்டையாடும் பிராந்துக் குஞ்சு என்று ஒன்று இருக்க வழியில்லை. வல்லூறோ முழு வளர்ச்சியிலேயே 26 முதல் 30 சென்ரிமீற்றர்தான், அதில் வாலும் அடக்கம்.

இராசாளி அல்ல என்பதற்கு நீங்களே சான்று தந்திருக்கிறீர்கள்: கண் மஞ்சள். இராசாளிக் குடும்பத்தைச் சேர்ந்த பறவைகளின் கண் கருங்கபிலமாக இருக்கும். கண்ணைச் சுற்றியுள்ள தோல்வளையம்தான் மஞ்சள். தூரத்தில் பார்ப்பவர் வளையத்தைக் கண்ணென்று எண்ணக்கூடும் என்பது உண்மையே. ஆனால் இராசாளி உட்கிளையில் ஒளிந்திருந்து ஓணான் பிடிக்கிற பறவையும் அல்ல. அதன் சிறகு நீண்டு நுனி கூர்ந்திருக்கும். வெட்டவெளியில், பறக்கும் பறவையைத் துரத்தியோ மேலிருந்து பாய்ந்தோ பிடிப்பதற்கென்று அமைந்த உடல் அது. வல்லூற்றின் சிறகு குட்டையாகவும் நுனி வட்டமாகவும், வால் நீளமாகவும் இருப்பது மரங்களுக்கிடையில் வளைந்து நெளிந்து பறப்பதற்காக. மதிலோரமாகத் தாழப் பறந்து வந்து கடைசி நொடியில் மேலெழும்புவது அந்தக் குடும்பத்துக்கே உரிய வழக்கம். வேட்டைக்கு வரும் பறவை தன்னை மறைத்துக்கொண்டு வருகிறது என்பதுதான் அதன் பொருள். வானத்தில் எல்லோரும் காண வட்டமிடும் பருந்துக்கு அந்தத் தேவை இல்லை, ஏனென்றால் துறைமுகத்து மீன்கழிவும் செத்த எலியும் ஓடிப்போவதில்லை.

இப்போது கச்சான் காற்றடிக்கும் காலம் என்பதும் நமக்கு உதவுகிறது. சிற்றெழால் போன்ற, குளிர்கால விருந்தாளிகளான சிறிய வேட்டைப் பறவைகள் ஐப்பசி அளவில் வந்து சித்திரை அளவில் திரும்பிவிடுகின்றன. ஆடி மாதத்தில் உவர்மலை வளவொன்றில் நிற்கும் புறா அளவு வேட்டைப் பறவை இங்கேயே குடியிருக்கும் இனமாகத்தான் இருக்க வேண்டும். வயல்வெளியில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று எலி தேடும் கருந்தோள் பருந்தும் இங்கே குடியிருப்பதுதான். ஆனால் அது சாம்பலும் வெள்ளையுமான பறவை, கபிலத் துளிகளைக் கொண்டதல்ல.

வல்லூற்றில் வளர்ந்த பறவையின் மேற்பக்கம் நீலச் சாம்பல். மார்பில் இளஞ்செம்மை நிறக் கோடுகள் மிக நெருக்கமாகக் குறுக்கே ஓடும். இளம் பறவைக்கு மேற்பக்கம் கபிலம்; மார்பில் நீங்கள் சொன்ன துளிகள் நெடுக்கே. குறுக்குக் கோடா, நெடுக்குத் துளியா என்பதைக் கொண்டே வயதைச் சொல்லிவிடலாம்.

இலங்கையருக்கு இந்தப் பறவையில் ஒரு தனி உரிமையும் உண்டு. 1776 ஆம் ஆண்டில் பீற்றர் பிரவுண் என்ற ஆங்கில ஓவியர், இலங்கையிலிருந்து கிடைத்த பறவை என்று படத்தோடு வெளியிட்ட விவரிப்பை வைத்துத்தான் 1788 இல் கிமெலின் என்ற ஜேர்மன் இயற்கையியலாளர் இந்த இனத்துக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். ஆபிரிக்காவின் பெரும்பகுதியிலும் தென்னாசியா முழுவதிலும் காணப்படும் ஓர் இனம் நம் தீவின் பறவையைக் கொண்டே விஞ்ஞான உலகில் பதிவாயிற்று.

பதில்: தேயிலைச்சரிவு, பண்டாரவளை

குளக்கட்டு நோக்கர் ஐயாவின் முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் முடிவை எழுதிவைப்பதற்கு முன்னர் இரண்டு பறவைகளைத் தள்ளிவைத்தாக வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று, வல்லூற்றின் நெருங்கிய உறவான பெஸ்ரா. இதன் இளம் பறவைக்கும் மேற்பக்கம் கபிலம், மார்பில் நெடுக்கு அடையாளங்கள், மஞ்சள் கண். எங்கள் மலைப்பகுதிக் காடுகளில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாத பறவை நோக்கர் இல்லை என்றே சொல்வேன். பிரித்தறிய மிகவும் எளிய இடம் தொண்டை. பெஸ்ராவின் தொண்டை நடுவே மையால் இழுத்தது போலத் தடித்த கருங்கோடு ஒன்று இருக்கும். வல்லூற்றில் அந்தக் கோடு மெல்லியது, மங்கலானது, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாமலே போகலாம். வாலையும் பாருங்கள். பெஸ்ராவின் வாலில் கரும்பட்டைகள் அகலமானவை. இடையிலுள்ள வெளிறிய பகுதியும் ஏறத்தாழ அதே அகலம் இருக்கும். வல்லூற்றின் பட்டைகள் ஒடுக்கமானவை. கடலோர நகரத்து வளவொன்றில் பெஸ்ரா நிற்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு, அது அடர்காட்டுப் பறவை. ஆயினும் இடத்தை மட்டும் வைத்து ஓர் இனத்தை விலக்குவது எனக்கு உவப்பானதல்ல.

மற்றது அக்காக்குயில். இது வேட்டைப் பறவையே அல்ல. ஆனால் அளவிலும் நிறத்திலும் வால் பட்டையிலும் வல்லூற்றை அச்சாக ஒத்திருக்கும். வளர்ந்த குயில் வளர்ந்த வல்லூற்றைப் போலவும், இளம் குயில் இளம் வல்லூற்றைப் போலவும் இருப்பது வேடிக்கையான ஒற்றுமை. பறக்கும் விதமும் அமரும் முன் மேலெழும்பும் விதமும்கூட ஒன்றே, சிறுகுருவிகளும் ஏமாந்து கத்தும். இலங்கையில் இது பெரும்பாலும் மலைநாட்டில் வாழ்வது. ஓணானைக் காலால் அழுத்திக் கிழித்துத் தின்றதை நேரில் கண்டிருப்பதால் இந்த வழக்கில் குயிலுக்கு இடமில்லை. குயிலின் கால் பிடிக்க மட்டும் உதவும், இரையை அடக்க உதவாது. அலகிலும் கொக்கி இல்லை. எனினும் இதைப் படிக்கும் மற்றவர்கள் அலகையும் காலையும் பாராமல் மார்பு அடையாளத்தை மட்டும் வைத்து வல்லூறு என்று எழுதிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தொண்டைக் கோட்டைப் பார்த்து எழுத முடியுமா?

பதில்: வயலடி, தம்பலகாமம்

இனம் எது என்பதை ஐயாமார் தீர்த்துக்கொள்ளட்டும். நான் கோழி வளர்ப்பவன் என்ற முறையில் குஞ்சுகளைப் பற்றி எழுதுகிறேன்.

வல்லூறு என்றால், பொரித்து ஓரிரு வாரமான குஞ்சை அது தூக்கும். அதில் ஐயம் வேண்டாம். குஞ்சு புறாவில் பாதியளவு வளர்ந்துவிட்டால் அதற்குத் தூக்கிக்கொண்டு பறப்பது கடினம், பெட்டைக்கோழியை அது நெருங்கவே நெருங்காது. ஆகவே உங்களுக்கு ஆபத்தான காலம் குறுகியது. அந்தக் காலத்தில் குஞ்சுகளை முற்றத்தில் திறந்து விடாமல், தாயோடு சேர்த்துக் கூரையுள்ள கூட்டிலோ, நான்கு கம்பு நட்டு மேலே மீன்வலை கட்டிய அடைப்பிலோ வைத்திருங்கள். நம் கடற்கரையில் பழைய வலைக்கு என்ன பஞ்சம்? ஆனால் வலையை மேலே போர்த்தியது போலத் தளர்வாக விடாமல் இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்த வலையில் பறவை சிக்கினால் சிறகை முறித்துக்கொள்ளும், அதை விடுவிக்கப் போகிறவரின் கையையும் கிழிக்கும். பளபளக்கும் இறுவட்டுகளைக் கட்டித் தொங்கவிடுவதைப் பலர் செய்கிறார்கள். ஆரம்பத்தில் பறவை ஒதுங்கும். பழகியதும் அதற்குப் பக்கத்திலேயே வந்து அமரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரில் குஞ்சு காணாமற்போனால் முதலில் பிராந்தைத்தான் திட்டுவார்கள், ஆனால் கள்வன் பெரும்பாலும் கீரியாக இருக்கும். இரவில் போனது என்றால் வல்லூற்றின்மேல் பழி போட முடியாது, அது பகற்பறவை. மரநாயையோ பாம்பையோ தேடுங்கள். பகலில் போய், இறகு மட்டும் கிடந்தால் அந்த இறகை எடுத்துப் பாருங்கள். வேட்டைப் பறவை இறகை அலகால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடும். இறகின் காம்பு அடிவரை முழுதாக இருக்கும், சிலவற்றில் அலகு பிடித்த சிறு மடிப்பும் தெரியும். கீரியும் பூனையும் பிடுங்குவதில்லை, கடிக்கின்றன; காம்பு நசுங்கியோ பாதியில் அறுந்தோ, சிலவேளை எச்சில் பட்டுக் கொத்தாக ஒட்டியோ கிடக்கும். இதைப் பாராமல் கெற்றப்போலை எடுப்பவனிடம் நான் நியாயம் பேசுவதில்லை.

உவர்மலைவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு தம்பியின் தொலைநோக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, குசினி யன்னலோரம் இருந்து பார்த்தேன். யன்னலுக்குள் இருந்தால் பறவை பொருட்படுத்துவதில்லை. கதவைத் திறந்த உடனே போய்விடுகிறது.

தொண்டையின் நடுவில் ஒரு கோடு உண்டு, ஆனால் மிகவும் மெல்லியது. பறவை தலையை உயர்த்தி மேலே பார்த்தபோதுதான் தெரிந்தது. வால் பட்டைகள் ஒடுக்கமானவை; இடையிலுள்ள வெளிறிய பகுதிதான் அகலம். அலகு சிறியதாயினும் நுனி நன்றாக வளைந்திருக்கிறது.

இன்னும் இரண்டு செய்திகள் உள்ளன. வேம்பின் உச்சிப்பக்கத்தில் மற்றொரு பறவை வந்து நின்றதைக் கண்டேன். அதே உருவம், சற்றே சிறியது. மேற்பக்கம் தூய சாம்பல் நிறம், கண் நல்ல சிவப்பு. அது இருந்த சிறிது நேரமும் கபிலப் பறவை முருங்கையிலிருந்து விடாமல் கத்தியது. இது அதன் துணையா, எதிரியா?

மற்றது குரலைப் பற்றியது. கூர்மையான ஈரசைக் குரல், முதல் அசை உயர்ந்து இரண்டாவது தாழ்ந்து. அந்தக் குரல் பிற்பகலிலும் கேட்கிறது. ஆனால் போய்ப் பார்த்தால் மின்கம்பியில் கரிச்சான் குருவி ஒன்றுதான் இருக்கிறது.

பதில்: குளக்கட்டு நோக்கர், கந்தளாய்

மெல்லிய தொண்டைக் கோடு, ஒடுங்கிய வால் பட்டை. தேயிலைச்சரிவு அவர்களின் ஐயம் இத்துடன் நீங்கியிருக்கும் என்று நம்புகிறேன். கேட்டது நல்ல கேள்விதான்.

சாம்பல் நிறப் பறவை வளர்ந்த ஆண் வல்லூறு. சிவந்த கண் ஆணுக்கு உரியது. வளர்ந்த பெண்ணின் கண் மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் இடைப்பட்டது. அது சற்றே சிறியதாகத் தெரிந்ததும் உங்கள் கண்ணின் கோளாறு அல்ல. வேட்டைப் பறவைகளில் பெரும்பாலும் பெண்ணே பெரியது, வல்லூறின் குடும்பத்தில் அந்த வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும். ஆகவே உங்கள் இளம் பறவை பெண்ணாக இருக்கலாம். அது விடாமல் கத்தியது என்பதைக் கொண்டு, வந்தது தந்தை என்று எண்ணத் தோன்றுகிறது. கூட்டை விட்ட பிறகும் இளம் பறவைகள் சில காலம் பெற்றோரிடம் தீனி கேட்டுக் கத்தும். தானே ஓணான் பிடிக்கத் தெரிந்த பிள்ளையும் கேட்கும். அப்படியானால் கூடு தொலைவில் இல்லை. காகக் கூட்டைப் போலச் சுள்ளிகளை அடுக்கிக் கட்டுவதால், வேம்பிலோ மாவிலோ கவட்டில் இருந்தாலும் நீங்கள் காகக் கூடு என்று விட்டிருக்கலாம். தேடிப் போய் ஏற வேண்டாம், அது இனி வெறுங்கூடு.

குரல் விடயத்தில் நீங்கள் கண்டது மிகச் சரி. கரிச்சான் பிற பறவைகளின் குரலை எடுத்துக் கத்தும் பழக்கமுள்ளது. வல்லூற்றின் குரல் அதற்குப் பிடித்தமானவற்றில் ஒன்று. அச்சக்குரல் கேட்டதும் மற்றக் குருவிகள் இரையைப் போட்டுவிட்டு ஒளியும், கரிச்சான் அந்த இடைவெளியில் பூச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் நம் பகுதியில் குரலை மட்டும் கேட்டு வல்லூறு என்று குறிப்பேட்டில் எழுதுவது ஆபத்தானது. அணிலைக் கேளுங்கள், அது அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை என்பது என் அனுபவம்.

பழைய பறவை நூல்களில் இதை அக்சிபிட்டர் என்ற பேரினத்தில் வைத்திருப்பார்கள். 2024 இல் இருந்து முக்கியமான உலகப் பட்டியல்கள் டாக்கிஸ்பிஸா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டன. செயலிகளில் புதிய பெயரைக் கண்டு வேறு பறவையென்று எண்ண வேண்டாம்.

பதில்: கொட்டியாரக்கரை, மூதூர்

மேலே யாரும் குறிப்பிடாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்த வளவிலோ அயலிலோ எலிப்பாசாணம் வைக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். கடைகளில் கட்டியாக விற்கும் மருந்துகளில் பல, எலியின் இரத்தம் உறையாமற் செய்து கொல்பவை. தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் சோர்ந்துபோய் பகலிலும் வெளியில் தள்ளாடித் திரியும். அப்படித் திரிவதைத்தான் வல்லூறும் ஆந்தையும் முதலில் பிடிக்கும், நஞ்சு அவற்றின் ஈரலிலும் சேரும். கெற்றப்போல் தவறினாலும் தவறும், இது தவறுவதில்லை. எலிக்குக் கூட்டுப்பொறி வையுங்கள். ஒட்டும் பசைத்தட்டை வளவில் திறந்த வெளியில் வைக்காதீர்கள். அதில் ஓணானும் குருவியும் ஒட்டிக்கொண்டு துடிக்க, அதைப் பிடிக்க வரும் பறவையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இன்னொன்றையும் சொல்லலாம். இந்நாட்டில் பறவைகளுக்கு 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு உண்டு, வல்லூறும் அதில் அடங்கும். காயப்பட்டுக் கிடந்தால் வீட்டில் வைத்து வளர்க்காமல், காற்றுப் புகும் கடதாசிப் பெட்டியில் இருட்டாக மூடி, தண்ணீரோ சோறோ வாயில் திணிக்காமல், வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். கும்பாபிஷேகத்தின்போது கோபுரத்துக்கு மேலே செம்பருந்து வட்டமிட்டால் கருடன் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நம் ஆட்கள், அதன் உறவுப் பறவை முருங்கையில் வந்து அமர்ந்தால் கல்லைத் தேடுவது எனக்கு எப்போதும் விளங்காத விடயம்.

பதில்: அலையோரம், நிலாவெளி

இந்த இழையிலேயே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாமா? எங்கள் தென்னந்தோட்டத்தில் அண்மைக்காலமாகப் பெரிய பறவை ஒன்று வந்து அமர்கிறது. கோழியைவிடப் பெரியது, பின்தலையில் கொண்டை உண்டு, உடல் கபிலம். இதுவும் வல்லூற்றில் ஒரு வகையா? கடற்கரையில் மீன் தூக்கும் வெள்ளை வயிற்றுப் பெரிய கழுகை எனக்குத் தெரியும், இது அது அல்ல.

பதில்: குளக்கட்டு நோக்கர், கந்தளாய்

வல்லூறு அல்ல; வல்லூற்றுக்குக் கொண்டையும் இல்லை, அந்தப் பருமனும் இல்லை. நம் பகுதியில் கொண்டையுள்ள பெரிய வேட்டைப் பறவை என்றால் முதலில் இரண்டை எண்ண வேண்டும். ஒன்று கொண்டைப் பாம்புக்கழுகு: அதன் கொண்டை குட்டையாக, பின்தலையில் விசிறி போலச் சிலிர்க்கும், அலகின் அடியிலிருந்து கண்வரை மஞ்சள் தோல் பளிச்சென்று தெரியும், வயிற்றில் வெள்ளைப் புள்ளிகள், பறக்கும்போது சிறகின் பின்னோரத்தை ஒட்டி அகன்ற வெள்ளைப் பட்டை. மற்றது குடுமிக்கழுகு: கொண்டை நீண்டு ஈட்டி போல நிமிர்ந்து நிற்கும், மார்பில் நெடுக்குக் கோடுகள். முன்னது பாம்பையும் ஓணானையும் தேடி வருவது, கோழிக்காரர் அஞ்ச வேண்டியதில்லை. பின்னது முயலையும் வளர்ந்த கோழியையும் பிடிக்க வல்லது; அது வருவதென்றால் வயலடி ஐயா சொன்ன வலையைக் கோழிகளுக்கும் கட்ட வேண்டியிருக்கும்.

தென்னையில் அமர்ந்திருக்கும்போது நிறத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் இடம்வரை இறகு மூடியிருந்தால் குடுமிக்கழுகு. இறகில்லாத மஞ்சள் கால் என்றால் பாம்புக்கழுகு. பார்த்ததும் தனி இழையாக எழுதுங்கள், அங்கே தொடர்ந்து பேசுவோம்.